வாசகர் கேள்வி–பதில்: போர்ட்போலியோவை ஒருக்கா அடுத்தவர் கையில் கொடுத்துப் பாருங்கள்

போன இதழில் ஒரு வாசகியின் போர்ட்போலியோவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். செய்த டிசைன் வேலைகளை இணையத்தில் ஒரு இடத்தில் அடுக்கி, வேலை தருகிறவர்கள் பார்க்க லிங்க் அனுப்புகிறோமே, அதுதான். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருந்ததால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். லிங்க் அனுப்பிய எல்லாருடையதையும் திறந்து பார்த்தேன். முதலில் போனில், பிறகுதான் கம்ப்யூட்டரில்.

அக்கா, கம்பஸ் முடித்து எட்டு மாதம். என் போர்ட்போலியோவில் 31 வேலைகள் இருக்கின்றன. கொழும்பில் பன்னிரண்டு கம்பனிகளுக்கு லிங்க் அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. நண்பர்கள் எல்லாரும் பார்த்துவிட்டு "சூப்பர்" என்கிறார்கள். எங்கே பிழை?
– ஒரு வாசகி, உப்புவெளி

தங்கச்சி, உங்கள் பக்கத்தை நான் திறந்தது திருகோணமலை பஸ் ஸ்டாண்டில், மூதூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு. வேண்டுமென்றேதான் அங்கே திறந்தேன். ஆள் எடுக்கிற ஒருவர் உங்கள் லிங்க்கை அமைதியான அறையில் பெரிய திரையில் ஆறுதலாகப் பார்ப்பார் என்று நினைக்காதீர்கள். இரண்டு கூட்டத்துக்கு நடுவில், அல்லது வீட்டுக்குப் போகிற வழியில், இன்னும் முப்பது லிங்க்கோடு சேர்த்துத்தான் பார்ப்பார்.

கறுப்புத் திரை வந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. அப்புறம் உங்கள் பெயரின் முதல் எழுத்து மெல்ல மெல்ல வரைந்து முடிந்தது. எண்ணினேன், ஒன்பது விநாடி. அதன் பிறகு "கனவுகளுக்கு வடிவம் கொடுக்கிறேன்" என்று ஒரு வரி. நீங்கள் லோகோ செய்கிறவரா, வெப்சைட் செய்கிறவரா, புத்தக அட்டை செய்கிறவரா என்று அந்த வரியில் ஒன்றும் விளங்கவில்லை. கீழே போனால் 31 சதுரப் படங்கள், எல்லாம் ஒரே அளவு, ஒன்றின் கீழும் பெயர் இல்லை. ஈமெயில் எங்கே என்று தேடினேன். மூன்று கோடு போட்ட மெனுவுக்குள் போய், "என்னைப் பற்றி"யைத் திறந்து, அதன் அடியில் இருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இப்போது பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்கு மனம் கொஞ்சம் பதறியது. பதினேழாவது சதுரம் ஒரு கருவாட்டுப் பக்கெட்டின் லேபல். தொட்டேன். அதே படம் பெரிதாக வந்தது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில் அந்த லேபலைப் பற்றி நீங்களே மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள்: பக்கெட் போடுகிற மகளிர் சங்கத்து அக்காமார் சூரைக்கும் கட்டாவுக்கும் ஒரே நீல லேபல் ஒட்டியதால் கடையில் ஆக்கள் மாறி எடுத்துக்கொண்டு போய் மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார்கள், நீங்கள் கடையில் ஒரு பின்னேரம் நின்று பார்த்தீர்கள், வாங்குகிறவர்கள் லேபலை வாசிப்பதே இல்லை, பக்கெட்டைத் திருப்பி மீனைத்தான் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்தீர்கள், அதனால் மீனின் உருவத்தைப் பெரிதாகக் கோட்டோவியமாகப் போட்டு, நிறத்தையும் பிரித்தீர்கள். தங்கச்சி, இந்தப் பின்னேரம்தான் உங்கள் போர்ட்போலியோ. அதை எனக்கு எழுதிவிட்டு, வேலை தரக்கூடிய பன்னிரண்டு பேருக்கும் வெறும் படத்தை அனுப்பியிருக்கிறீர்கள்.

ஆகவே 31ஐ ஐந்து அல்லது ஆறாகக் குறையுங்கள். மனம் வராது, தெரியும். ஆனால் பார்க்கிறவர் உங்களை அளப்பது உங்கள் நல்ல வேலையை வைத்து மட்டும் இல்லை, கூடவே நிற்கிற சுமாரான வேலையையும் வைத்துத்தான். இந்தப் பிள்ளைக்கு எது நல்லது எது சுமார் என்று தெரியவில்லையோ என்ற சந்தேகம் வந்துவிடும். கருவாட்டு லேபலை முதலாவதாக வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் யாருக்காகச் செய்தீர்கள், என்ன பிரச்சினை இருந்தது, அதில் உங்கள் பங்கு எது, முதலில் செய்து பார்த்துக் கைவிட்டது எது, கடைசியில் என்ன நடந்தது என்று எட்டுப் பத்து வரி போதும். கம்பஸில் நாலு பேர் சேர்ந்து செய்த ஆப் ஒன்று போட்டிருக்கிறீர்கள்; அதில் நீங்கள் செய்தது ஐகன் மட்டும் என்றால் ஐகன் மட்டும் என்று எழுதுங்கள். நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

அந்த ஒன்பது விநாடி வரைதலை எடுத்துவிடுங்கள். மேலே பெயர், செய்கிற வேலை, ஊர், ஈமெயில். ஊரை ஏன் மறைத்தீர்கள் என்று விளங்கவில்லை. திருகோணமலை என்று தெளிவாகப் போடுங்கள், தொலைவிலிருந்தே வேலை செய்வேன் என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

நண்பர்கள் "சூப்பர்" சொன்னதைப் பற்றி: அவர்களுக்கு உங்களைத் தெரியும், உங்கள் வேலையும் தெரியும். உங்களைத் தெரியாத ஒருவர் கையில் போனைக் கொடுங்கள், பக்கத்து வீட்டு மாமி என்றாலும் சரி. ஒரு நிமிடம் கழித்துப் போனை வாங்கிக்கொண்டு, "இந்தப் பிள்ளை என்ன வேலை செய்கிறது, அவரோடு கதைக்க வேண்டுமென்றால் எப்படி?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் பக்கத்தில் என்ன திருத்த வேண்டும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

பிஹான்ஸில் போட்டால் போதுமா, இல்லை சொந்த வெப்சைட் வேண்டுமா? காசு குறைவு.
– ஒரு தம்பி, கிண்ணியா

தம்பி, காசு குறைவு என்றால் பிஹான்ஸில் தொடங்குங்கள். டிசைன் செய்கிறவர்கள் தங்கள் வேலைகளைப் போட்டுக் காட்டுகிற பொதுத் தளம் அது. இலவசம், 2012 இறுதியில் அடோபி கம்பனி அதை வாங்கியதிலிருந்து அவர்கள் கையில் இருக்கிறது, ஆள் தேடுகிறவர்களும் அங்கே வந்து தேடுவார்கள். குறை என்னவென்றால், உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது கீழே இன்னும் ஆயிரம் பேரின் வேலை வரும். வந்தவர் விரலால் இன்னொரு தட்டு தட்டினால் போய்விட்டார். சொந்த டொமைன், அதாவது உங்களுக்கென்று ஒரு இணைய முகவரி, வைத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் வருடாவருடம் காசு கட்ட வேண்டும், கட்ட மறந்தால் பக்கமே போய்விடும்.

எதில் போட்டாலும் மூல ஃபைலும் எழுதியதும் உங்கள் கையில் ஒரு பிரதி இருக்கட்டும். ஃபிளாஷ் என்ற அடோபியின் மென்பொருளில் அசையும் போர்ட்போலியோ செய்துவைத்திருந்த ஒரு தலைமுறை இருந்தது. என் முதல் பக்கமும் அதில்தான். 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியது, அடுத்த மாதமே பிரவுசர்களில் அவை திறக்காமல் போயின. அதில் நான் செய்த வேலைகளில் சிலவற்றுக்கு என்னிடம் வேறு பிரதியே இல்லை.

எனக்கு நிலாவெளியில் நாலு ரூம் உள்ள ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ். வெப்சைட் செய்ய மூன்று பிள்ளைகள் போர்ட்போலியோ லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றும் வடிவாகத்தான் இருக்கின்றன. டிசைன் பற்றி ஒன்றும் தெரியாத நான் எதை வைத்து ஒருவரைத் தெரிவுசெய்வது?
– ஓர் உரிமையாளர், நிலாவெளி

ஐயா, டிசைன் தெரியாததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்கள் வெப்சைட்டுக்கு வரப்போகிறவர்களுக்கும் டிசைன் தெரியாது. அந்த வகையில் இந்த மூன்று பேரையும் பார்க்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

முதல் காரியம், வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் மூன்றையும் திறவுங்கள். எது முதலில் முழுதாக வருகிறது என்று பாருங்கள். தன் சொந்தப் பக்கத்தையே அரை நிமிடம் காக்க வைக்கிறவர் உங்கள் பக்கத்தை வேகமாகச் செய்து தருவார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இரண்டாவது, போர்ட்போலியோவில் இருக்கிற படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். மொக்கப் என்று ஒரு சங்கதி இருக்கிறது: மேசையில் சாய்த்து வைத்த லெப்டொப், பக்கத்தில் கோப்பிக் கோப்பை, அந்தத் திரைக்குள் வெப்சைட்டின் படம். எந்த டிசைனையும் அதற்குள் போட்டால் அழகாகிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது, "தம்பி, இந்த வெப்சைட் இப்போது ஓடுகிறதா, லிங்க் தாருங்கள்" என்பது. லிங்க் வந்ததும் உங்கள் விருந்தாளி செய்கிற வேலையை நீங்களே செய்து பாருங்கள். அது ஒரு சாப்பாட்டுக் கடையின் சைட் என்றால் அங்கே இன்று இரவு திறந்திருக்குமா, விலை என்ன, எப்படிப் போவது என்று மூன்றையும் தேடுங்கள். போன் நம்பரைத் தொட்டால் அழைப்புப் போகிறதா, இல்லை படத்தில் எழுதிய நம்பரா? மெனு பி.டி.எஃப் ஆக இறங்கி, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசிக்க வேண்டியிருக்கிறதா? சைட் இப்போது இல்லை என்றால் அதுவே பிழை ஆகாது. கடை மூடியிருக்கலாம், காசு கட்டாமல் விட்டிருக்கலாம். ஏன் இல்லை என்று கேளுங்கள். நேராகச் சொல்கிறாரா என்பதும் ஒரு தகவல்தான்.

மூன்றாவது காரியத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள். அவர் முன்பு வேலை செய்து கொடுத்த ஒருவரை அழைத்துக் கதையுங்கள். வேலை நல்லதா என்று கேட்டால் நல்லது என்றுதான் சொல்வார்கள். "ஒரு விலையை மாற்ற வேண்டி வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். சீசன் தொடங்கும்போது ரூம் விலை ஏறும், மாரி தொடங்கியதும் இறங்கும். ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டுமா, நீங்களே போனில் மாற்றலாமா என்பது மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை உங்கள் தலையெழுத்தையே தீர்மானிக்கும்.

இனி நான் மிகவும் நம்புகிற வழியைச் சொல்கிறேன். இப்போது உங்கள் ரூம்களில் விருந்தாளிகள் இருப்பார்கள் இல்லையா? தேநீர் குடிக்கிற நேரம் ஒருவரிடம் போனைக் கொடுத்து, இந்தப் பிள்ளை செய்த கெஸ்ட் ஹவுஸ் சைட்டில் இரண்டு பேருக்கு ஒரு ரூம் என்ன விலை என்று கண்டுபிடித்துத் தாருங்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், இதுதான் கஷ்டம். "அங்கே இல்லை, மேலே பாருங்கள்" என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்லக் கூடாது. அவர் விரல் எங்கே தயங்குகிறது, எதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறார், எப்போது பெருமூச்சு விடுகிறார் என்று மட்டும் பாருங்கள். ஜேக்கப் நீல்சன் என்ற பயன்பாட்டு ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் எழுதியது, ஐந்து பேரை இப்படி வைத்துப் பார்த்தாலே ஒரு தளத்தின் பயன்பாட்டுக் குறைகளில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று. எல்லாத் தளத்துக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் வாதாடினார்கள், அது நியாயமான வாதம்தான். ஆனால் நாலு ரூமுக்கு ஐந்து பேர் தாராளம். மூன்று பேர் ஒரே இடத்தில் தயங்கினால் அந்த இடம் பிழை.

கடைசியாக மூன்று பிள்ளைகளையும் அழைத்து, தங்கள் வேலை ஒன்றைக் காட்டி, "இந்தப் பட்டனை ஏன் இங்கே வைத்தீர்கள்?" என்று ஒருக்கா கேளுங்கள். "இப்போது இதுதான் ட்ரெண்ட்" என்கிறவரையும், "வயதானவர்கள்தான் கூட வருவார்கள் என்று சொன்னார்கள், அதனால் பெரிதாகக் கீழே வைத்தேன், பெருவிரல் எட்டும்" என்கிறவரையும் பிரித்தறிய டிசைன் படித்திருக்கத் தேவையில்லை.

விலையைக் கடைசியில் கதையுங்கள், ஆனால் நியாயமாகக் கொடுங்கள். "சின்ன வேலைதானே தம்பி" என்று தொடங்காதீர்கள்.

எங்கள் அச்சகத்தில் பதினைந்து வருடமாகக் கலியாண கார்ட், சாமத்தியவீட்டு கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் நான்தான் செய்கிறேன். மகள் எனக்கு ஒரு போர்ட்போலியோ தொடங்கித் தந்தாள். தமிழில் எழுதியது சில போனில் ஏதோ ஆங்கிலக் குப்பையாக வருகிறது. தமிழை விட்டு ஆங்கிலத்தில் போடச் சொல்கிறாள். போடவா?
– ஓர் அச்சகத் தொழிலாளி, திருக்கடலூர்

போடாதீர்கள் அண்ணா. பதினைந்து வருடம் தமிழ் எழுத்தை அடுக்கியவரின் பக்கத்தில் தமிழ்தான் முன்னால் நிற்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஆங்கில எழுத்துகளுக்கு இடையில் எக்கச்சக்கமாக அரைப்புள்ளி வருகிறதே, அது பாமினி. பாமினி ஃபொன்ட்டில் மெய்யெழுத்தின் புள்ளி உட்கார்ந்திருப்பது ஆங்கிலத்தின் அரைப்புள்ளி இருக்கிற இடத்தில். உங்கள் அச்சகக் கம்ப்யூட்டரில் பாமினி இருப்பதால் தமிழாகத் தெரிகிறது, அது இல்லாத போனில் உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்து அப்படியே வெளியே வந்துவிடுகிறது. அச்சடித்துக் கொடுக்கிற வரைக்கும் இது பிரச்சினையே இல்லை, கடதாசிக்கு ஃபொன்ட் தேவையில்லை. இணையத்துக்கு யூனிகோட் வேண்டும், அதாவது எந்தப் போனும் தமிழைத் தமிழென்றே அறிந்து காட்டுகிற பொதுக் குறிமுறை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தருகிற இலவசக் கருவிகள் இணையத்திலேயே இருக்கின்றன, மகள் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவாள். மாற்றிய பிறகு ஒரு தடவை வடிவாக வாசியுங்கள். இடையில் உள்ள ஆங்கிலச் சொல்லை அது தமிழென்று நினைத்துக் குழப்பிவிடும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. திருவிழா நோட்டீஸ் ஒன்றில் "கோணேஸ்வரம்" உடைந்து கிடக்கிறது. "கோ"வில் கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும்; உங்கள் படத்தில் இரண்டுமே பின்னால் போய் நிற்கின்றன. போட்டோஷொப்பில் யூனிகோட் தமிழைப் போடும்போது, எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான முறையைத் தெரிவுசெய்யாவிட்டால் இப்படித்தான் வரும். புதிய பதிப்புகளில் அதன் பெயர் வேர்ல்ட்-ரெடி. இல்லஸ்ட்ரேட்டரிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. வெப்சைட் செய்யும் பிள்ளைகளின் போர்ட்போலியோவிலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது இந்தக் கொம்பைத்தான். தமிழ் வாடிக்கையாளருக்குச் செய்தேன் என்று சொல்லிவிட்டுக் கொம்பு இடம் மாறி நின்றால், முடித்த பிறகு ஒருக்காவாவது வாசித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஃபொன்ட்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் எல்லாம் இலவசம். தலைப்புக்குக் கொஞ்சம் குண்டாக வேண்டும் என்றால் பலூ தம்பி. ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் இருப்பதால் நெருக்கினால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். பதினைந்து வருடம் கார்ட் அடித்த உங்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, மகளுக்காகச் சொல்கிறேன். தமிழ்ச் சொல்லும் பொதுவாக நீளம். "தொடர்புகொள்ளுங்கள்" என்பது ஆங்கிலச் சொல்லுக்கென்று செய்த பட்டனுக்குள் அடங்காது. பட்டனைத்தான் நீட்ட வேண்டும், எழுத்தைச் சிறிதாக்கக் கூடாது.

எல்லாவற்றையும் படமாகவே போட்டுவிட்டால் உடையாது என்று ஒருவர் சொல்லித் தருவார். கேட்காதீர்கள். கார்ட் படமாக இருக்கட்டும். அதைப் பற்றி எழுதுவது எழுத்தாக இருக்க வேண்டும், அப்போதுதான் கூகுளில் "திருகோணமலை கலியாண கார்ட்" என்று தேடுகிறவருக்கு நீங்கள் அகப்படுவீர்கள், கண் தெரியாதவருக்குப் போன் வாசித்தும் காட்டும்.

கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து, மெல்லிசாக, சின்னதாக. எனக்கு அது ஸ்டைலாக இருக்கிறது. எங்கள் சேர் வாசிக்க முடியவில்லை என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு மாணவர், உவர்மலை

சேர். இது ருசி விஷயமே இல்லை, அளந்து பார்க்கலாம். இணையப் பக்கங்கள் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்று, இணையத்துக்கான தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. முதல் பதிப்பு 1999இல் வந்தது, 2.2ஆவது 2023இல். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். எவ்வளவு நுணுக்கமான கோடு என்று பாருங்கள்: வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற குறியீடு உள்ள சாம்பல் நிறம் 4.54 வந்து தேறுகிறது, ஒரே ஒரு படி வெளிறிய 777777 வந்தால் 4.48, தேறாது. சோதிக்கிற கருவிகள் இலவசம், இரண்டு நிறத்தையும் போட்டால் எண்ணைச் சொல்லிவிடும். உங்கள் சாம்பலைப் போட்டேன், 2.6.

எண்ணை நம்பாவிட்டால் போனை எடுத்துக்கொண்டு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு டச்சு பே கடற்கரைக்குப் போய் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எனக்குத் தெரிந்தது என் முகம் மட்டும்தான்.

அதே வழிகாட்டியின் 2.2 பதிப்பு, தொடுகிற இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. நான் 44 வைப்பேன். உங்கள் சமூக வலைத்தள ஐகன்கள் நாலும் ஒட்டி நிற்கின்றன, லிங்க்ட்இன்னைத் தொட்டால் இன்ஸ்டாகிராம் திறக்கிறது.

படங்கள் தெளிவாக இருக்க வேண்டும் என்று கமராவிலிருந்து அப்படியே ஏற்றினேன். பக்கம் மெதுவாக வருகிறது என்கிறார்கள்.
– ஒரு புகைப்படக் கலைஞர், லிங்கநகர்

ஒரு படம் 5 எம்.பி. என்றால் இருபது படம் 100 எம்.பி. ஒரு ஜி.பி. டேட்டா போட்டவரின் பத்தில் ஒரு பங்கு உங்கள் ஒரே பக்கத்துக்குப் போய்விடும். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமியுங்கள், பல படங்கள் 300 கே.பி.க்குள் வந்துவிடும், போனில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்தின் வேகத்தை அளக்கிற கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள்: திரையில் தெரிகிற பெரிய படம் 2.5 விநாடிக்குள் வர வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கிற அளவு. புறாத்தீவுப் படங்கள் அருமை. அவற்றை மட்டும் தொட்டால் பெரிதாகத் திறக்கிற மாதிரி வையுங்கள்.

ஒபிஸில் செய்த வேலையை வெளியே காட்டக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நல்ல வேலை எல்லாம் அங்கேதான். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், திருகோணமலை நகரம்

கையெழுத்துப் போட்டதை மீறாதீர்கள். பாஸ்வேர்ட் போட்டு மறைத்துக் காட்டலாம் என்பார்கள், அதற்கும் கேட்டுவிட்டுத்தான். எழுத்தில் கேளுங்கள், எவ்வளவு காட்டலாம் என்று. பெயரையும் எண்களையும் எடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று சில இடங்களில் விடுவார்கள். விடாவிட்டால், ஊருக்குத் தேவையான ஒன்றை நீங்களாகச் செய்து அதில் உங்கள் யோசனையைக் காட்டுங்கள். கன்னியா வெந்நீரூற்றுக்கு முதல் தடவை வருகிறவருக்கு ஏழு கிணறுகளையும் விளக்குகிற ஒரு பலகை என்றாலும் போதும். "இது யாரும் கேட்டுச் செய்தது அல்ல" என்று ஒரு வரி மேலே போட்டுவிடுங்கள்.

என் சிநேகிதி தன் போர்ட்போலியோவைக் காட்டி எப்படி என்று கேட்டாள். நிறையப் பிழை. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
– ஒரு வாசகி, தம்பலகாமம்

நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், பார்க்கும்போது உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். "மெனு குழப்பமாக இருக்கிறது" என்றால் அவள் மெனுவுக்காக வாதாடத் தொடங்குவாள். "உன் ஈமெயிலைத் தேடினேன், இரண்டு தரம் 'சேவைகள்' பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தேன்" என்றால் அதில் வாதாட ஒன்றும் இல்லை, நடந்தது நடந்ததுதான். ஒரு நேரத்தில் மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம். அதிலும் ஆளைத் திருப்பி அனுப்பக்கூடிய பிழையை முதலில் சொல்லுங்கள், நிறம் பிறகு. நன்றாக வந்ததையும் இதே மாதிரி சொல்லுங்கள், "சூப்பர்" வேண்டாம். எந்த இடத்தில் நின்று இரண்டு தரம் வாசித்தீர்களோ அந்த இடத்தைக் காட்டுங்கள்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. ஒன்றுமே சொல்லாமல் உங்கள் அம்மாவிடம் அவளுடைய பக்கத்தைத் திறந்து கொடுத்து, சிநேகிதியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அம்மா தேடுகிறதை இரண்டு பேருமாகச் சேர்ந்து பாருங்கள். தேநீர் ஆறுவதற்குள் அவளே பேனையும் கடதாசியும் கேட்பாள்.